வெள்ளைப் பிள்ளை

சின்னான் வெள்ளை என்று ரத்தப் பரிசோதனையில் முடிவு வந்த அன்றைக்கு, எழிலரசி பெரிய சட்டியை அடுப்பில் ஏற்றித் தெருவுக்கே கேசரி கிண்டிவிட்டாள். புளியந்தோப்பில் அந்தத் தெரு ஒன்றும் சின்னத் தெரு இல்லை. கை வலிக்கக் கிண்டினாள், முகமெல்லாம் சிரிப்பாகக் கிண்டினாள். மாடியில் இருக்கும் ஓரகத்தி ஜெகதாவுக்கு மட்டும் தனியாக ஒரு கிண்ணத்தில் கொண்டுபோய்க் கொடுத்தாள். ஜெகதா அதை வாங்கித் தட்டால் மூடி ஓரமாக வைத்துவிட்டாள். அவள் பிள்ளைக்கு அன்றைக்குத்தான் 'ஒண்ணு' என்று வந்திருந்தது. அவள் துக்கம் அவளுக்கு.

அரக்கோணத்தில் இருக்கும் தம்பி தணிகாசலத்துக்கு எழிலரசி போன் போட்டாள். "கடவுள் கண்ணத் தொறந்துட்டாருடா. சின்னான் வெள்ளையாம். வர்ற வாரமே கை வெக்கிறோம். தாய்மாமன் நீதான் மடியில ஒக்கார வெக்கணும். லீவு இல்ல கீவு இல்லன்னு சாக்கு சொல்லாத."

தணிகாசலம் சீர்த் தட்டும் மோதிரமுமாக வந்து இறங்கிவிட்டான். ஆனால் அவனுக்கு இந்தச் சென்னை விஷயம் எதுவும் விளங்கவில்லை. அரக்கோணத்தில் நம்பர் கிடையாது.

"பெத்த புள்ளைக்கு வேணும்னே காய்ச்சல் வர வெக்கிறதுக்கு, விருந்து வேறயாக்கா?" என்று கேட்டான்.

"டெங்குல நாலு வகை இருக்குதுடா. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. மொத வாட்டி எது வந்தாலும் புள்ள கொஞ்சம் படுத்துட்டு எந்திரிச்சிரும். அப்புறம் அதே நம்பரு ஆயிரம் வாட்டி கடிச்சாலும் ஒண்ணும் ஆவாது. வேற நம்பரு வந்துச்சுன்னாத்தான்..." எழிலரசி அங்கேயே நிறுத்திக்கொண்டாள். நல்ல காரியத்துக்கு முன்னால் அந்தப் பேச்சை எடுக்க அவளுக்கு மனசு வரவில்லை.

மிச்சத்தை அவள் புருஷன் முத்துவேல் சொன்னான். பஸ் டிப்போவில் எலக்ட்ரீஷியன் அவன். எதையும் பிரித்துக் காட்டித்தான் பேசுவான். "முன்னெல்லாம் ரெண்டாவது நம்பரு வந்தாக்கூட, நூத்துல ஒண்ணு ரெண்டு புள்ளைக்குத்தான் ஆபத்து மாப்ள. எங்க சின்ன வயசுல வைரஸ் மாறிப்போச்சு. இப்போ பதினஞ்சு வயசுக்குள்ள ரெண்டாவது நம்பரு வந்தா பொழைக்கிறது கஷ்டம். பெரியவங்களுக்கு ஒண்ணும் இல்ல. புள்ளைங்களத்தான் வாரிக்கினு போச்சு."

"கொசுவ ஒழிச்சா இன்னா?"

"எத்தினி வருஷமா ஒழிச்சாங்க? பொகை அடிச்சாங்க, மருந்து அடிச்சாங்க, தேங்காத் தொட்டியக் கவுத்து வெச்சாங்க. கொசு ஒழியல. ஒழிக்க முடியலன்னதும் பழக்கிட்டாங்க. கொசு வாரியம்னு ஒண்ணு ஆரம்பிச்சு, ஊர நாலாப் பிரிச்சு, ஒவ்வொரு பகுதியிலயும் ஒரே ஒரு நம்பரு வைரஸ் மட்டும் ஒடம்புல தங்குற மாதிரி கொசு வளத்து வுட்டுட்டாங்க. கூவத்துக்கு இந்தாண்ட நாம ஒண்ணு. அந்தாண்ட மூணு. மேற்கால ரெண்டு. தெக்குக் கோடி நாலு. எந்தப் புள்ளைக்கு எந்த நம்பரோ, அது அந்தப் பகுதியிலதான் வளரணும். பதினஞ்சு முடியிற வரைக்கும் பாலம் தாண்டக் கூடாது."

"இன்னும் எந்த நம்பரும் வராத புள்ள?"

"அதான் வெள்ளை. எழுதாத காயிதம். அஞ்சு வயசு வரைக்கும் பொறந்த எடத்துலயே இருக்கணும். அஞ்சு ஆனதும், எந்த நம்பரு வேணும்னு பெத்தவங்க சொன்னா, ஆஸ்பத்திரியில அந்தக் கொசுவக் கடிக்க வுட்டு, கூடவே வெச்சுப் பாத்துக்கினு அனுப்புவாங்க. அதான் கை வெக்கிறது."

நம் ஜனங்களிடம் எதைக் கொடுத்தாலும் அதற்கு ஒரு சடங்கு செய்யாமல் விடமாட்டார்கள். கொசுக்கடிக்கும் தாய்மாமன் மடி வந்துவிட்டது, சீர்வரிசை வந்துவிட்டது, பிள்ளை படம் போட்ட பேனர் வந்துவிட்டது. வாடகை வீட்டு வாசலில் 'ரெண்டு மட்டும்' என்று போர்டு தொங்கியது. நல்ல பள்ளிக்கூடங்கள் எல்லாம் ரெண்டில் இருந்ததால், வசதியுள்ளவர்கள் பிள்ளை பிறக்கும்போதே ரெண்டுக்குத் துண்டு போட்டு வைத்தார்கள். சாதி கேட்கக் கூச்சப்படுகிறவர்கள்கூட நம்பர் கேட்கக் கூச்சப்படவில்லை. வெட்கக்கேடுதான், வேறென்ன சொல்ல.

எழிலரசிக்குப் பள்ளிக்கூட ஆசையெல்லாம் இல்லை. அவளுக்கு ஒரே ஒரு ஆசைதான். மூத்தவள் நிறைமதி கூவத்துக்கு அந்தப் பக்கம் இருந்தாள்.

சின்னானை வயிற்றில் சுமந்திருந்தபோது எழிலரசிக்கு உடம்பு முடியாமல் போய்விட்டது. மூன்று வயசு மதியை ராயப்பேட்டையில் இருக்கும் நாத்தனார் வசந்தா வீட்டில் விட்டுவைத்தார்கள். அப்போது பாலங்களில் வலை போட்டு அடைக்கவில்லை, சட்டம் பேச்சளவில்தான் இருந்தது. பிரசவம் ஆகிக் கூட்டிவரலாம் என்று இருந்த நேரத்தில் மதிக்கு அங்கே காய்ச்சல் வந்தது. வந்த காய்ச்சல் போய்விட்டது, நம்பர் நின்றுவிட்டது. மூணு. அதற்குள் பாலங்களையும் அடைத்துவிட்டார்கள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் அரை மணி நேரத்தில் போய்விடுகிற தூரம்; பெற்ற பிள்ளை அங்கே, கைக்குழந்தை இங்கே. ஞாயிற்றுக்கிழமைகளில் முத்துவேலோ எழிலரசியோ யாராவது ஒருத்தர் போய் மதியைப் பார்த்து வருவார்கள். இன்னொருத்தர் சின்னானோடு இருப்பார்கள். நான்கு பேரும் ஒரு தட்டைச் சுற்றி உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிட்டதில்லை.

சின்னான் வெள்ளையாக இருந்தால் அவனுக்கும் மூணு போட்டு, எல்லாரும் ராயப்பேட்டைக்கே போய்விடலாம். அவனுக்கு ஏற்கெனவே ஒண்ணு வந்திருந்தால் அவ்வளவுதான், அக்காவுக்குப் பதினைந்து முடிகிற வரைக்கும் இருவரும் ஆளுக்கொரு கரை. ஐந்து வருஷமாக எழிலரசி அவனைக் கொசுவலைக்குள்ளேயே வளர்த்தது இதற்காகத்தான். சாயங்காலம் ஆனால் முழுக்கைச் சட்டை, காலுறை, வேப்பெண்ணெய். தெருப் பிள்ளைகள் அவனை 'எண்ணெய் டப்பா' என்று கூப்பிட்டார்கள். அவனும் அந்தப் பேருக்குத் திரும்பிப் பார்த்துச் சிரிப்பான்.

பரிசோதனைக்குப் போன கதையையும் சொல்லிவிட வேண்டும். அன்றைக்கு அது சிரிப்பாகத்தான் இருந்தது.

முத்துவேலின் அப்பா பெயர் ஏகாம்பரம். அவர் காலமான மறு வருஷம் மூத்த மகன் முரளிக்கு ஆண் பிள்ளை பிறந்தது. ஏகாம்பரம் என்று பெயர் வைத்தான். ஒரு மாதம் கழித்து முத்துவேலுக்கும் ஆண் பிள்ளை. 'எனக்கு மட்டும் அவரு அப்பா இல்லியா?' என்று அவனும் ஏகாம்பரம் என்றே வைத்தான். யார் சொல்லியும் கேட்கவில்லை. முரளி பிள்ளைக்கும் இனிஷியல் 'மு', முத்துவேல் பிள்ளைக்கும் 'மு'. ஒரே வீட்டில் மாடியில் ஒரு மு. ஏகாம்பரம், கீழே ஒரு மு. ஏகாம்பரம். ஆனால் வீட்டில் அதனால் குழப்பம் எதுவும் வந்ததில்லை, ஏனென்றால் அந்தப் பெயரை யாரும் கூப்பிட்டதே இல்லை. மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லலாமா? காலம் எவ்வளவோ மாறி, கொசுவுக்கே வேலை கொடுத்தாகிவிட்டது. இது மட்டும் மாறவில்லை. மாடிப் பிள்ளை பெரியான், கீழ்வீட்டுப் பிள்ளை சின்னான். ஊருக்கும் அப்படித்தான்.

ஓரகத்திகள் இரண்டு பேரும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சுகாதார நிலையத்துக்கு ஒன்றாகத்தான் போனார்கள். வரிசை வாசலைத் தாண்டி நின்றது. சின்னான் ஊசியைப் பார்த்ததும் ஊளையிட ஆரம்பித்தான். 'மொதல்ல அவன முடிச்சிருடி' என்று ஜெகதா தன் இடத்தை விட்டுக்கொடுத்தாள்.

நர்ஸ் மெஷினை நீட்டினாள். "பிள்ளையோட பேர நீங்களே உங்க வாயால சொல்லுங்கம்மா. மெஷின் கேட்டாத்தான் தெறக்கும்."

எழிலரசி நெளிந்தாள். "அது... எங்க மாமனாரு பேருங்க."

"நான் உங்க மாமனாரக் கேக்கலம்மா. பிள்ளை பேரக் கேக்கறேன்."

"அதுதாங்க இதுவும்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஜெகதா துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள். நர்ஸ் நெற்றியில் அடித்துக்கொண்டு, திரையைப் பார்த்து, "மு. ஏகாம்பரமா?" என்றாள். எழிலரசி தலையாட்டினாள். "அப்பா பேரு?" என்று கேட்டதற்கு, "அவரு பேரும் நான் சொல்றதில்லைங்க" என்றாள். நர்ஸுக்கு இருந்த அலுப்பில், பின்னால் அத்தனை பிள்ளைகள் அழுதுகொண்டிருக்க, அவளே மெஷினில் 'மு. ஏகாம்பரம்' என்று சொன்னாள். திரையில் முதலாக எந்தப் பெயர் வந்ததோ அதைத் தொட்டாள். சின்னானின் விரலில் ஊசி குத்தியது. அடுத்து ஜெகதா பெரியானை முன்னால் நிறுத்தினாள். "நீங்களும் அதே பேரா? நல்லா இருக்கு போங்க" என்று சொல்லிவிட்டு நர்ஸ் அடுத்த பெயரைத் தொட்டாள்.

வீட்டுக்கு வந்து இரண்டு பேரும் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

கை வைக்கிறதுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை எழிலரசிதான் மதியைப் பார்க்கப் போனாள். எட்டு வயசு மதிக்கு அம்மா போனால் பேச்சு ஓயாது. தம்பியை அவள் போன் திரையில் மட்டும்தான் பார்த்திருக்கிறாள். அவன் முகம் தெரியும், சிரிப்பு தெரியும். எவ்வளவு உயரம் என்பது தெரியாது.

"என் தோள் வரைக்கும் வருவானாம்மா?"

"வருவான்."

"அடிச்சா திருப்பி அடிப்பானா?"

"கடிப்பான்" என்றாள் எழிலரசி.

மதிக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. கடிக்கிற தம்பி என்று பக்கத்து வீட்டில் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். வசந்தா சமையல்கட்டிலிருந்து, "எழிலு, கீழ் போர்ஷன நான் சொல்லி வெச்சிட்டேன். சுண்ணாம்பு அடிச்சுத் தர்றேன்னாரு வீட்டுக்காரர்" என்றாள். எழிலரசிக்கு அழுகை வந்துவிட்டது. நல்ல அழுகைதான்.

ஆஸ்பத்திரியில் கை வைக்கிற கூடத்தில் அன்றைக்கு ஏழெட்டுக் குடும்பங்கள். தணிகாசலம் பட்டு வேட்டி கட்டிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். சின்னான் அவன் மடியில் ஏறி உட்கார்ந்து, எதிரே இருந்த கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தான். உள்ளே நான்கைந்து கொசுக்கள் சுவரில் ஒட்டிக்கொண்டு இருந்தன.

"மாமா, இது மதி அக்கா வூட்டுக் கொசுவா?"

"ஆமாண்டா. ஒன்னக் கூட்டிக்கினு போவ வந்திருக்குது."

சின்னான் அதற்கப்புறம் அழவே இல்லை. கையைப் பெட்டிக்குள் விட்டு, அசையாமல் வைத்திருந்தான். ஒரு கொசு வந்து உட்கார்ந்தபோது, 'குடி, குடி' என்று மெல்லச் சொன்னான். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். எழிலரசி அவன் நெற்றியை வழித்துத் திருஷ்டி கழித்தாள்.

நாலைந்து நாளில் காய்ச்சல் வந்தது. வர வேண்டியதுதான். பிள்ளைகளை அங்கேயே வார்டில் வைத்துக்கொண்டார்கள். சின்னானுக்குக் கண் சிவந்தது, கால் வலிக்கிறது என்றான், கஞ்சியைத் தள்ளிவிட்டான். பக்கத்துக் கட்டில் பிள்ளைகளும் அப்படித்தான் கிடந்தன. எழிலரசி பயப்படவில்லை. அப்புறம் ஒரு நாள் காலையில் தொட்டுப் பார்த்தால் உடம்பு சில்லென்று இருந்தது. காய்ச்சல் விட்டுவிட்டது.

உடனே மதிக்குப் போன் போட்டாள். "தம்பிக்குக் காய்ச்சல் வுட்டுருச்சுடி. பெட்டிய எடுத்து வெக்க வேண்டியதுதான்."

அவள் போனை வைத்துவிட்டுத் திரும்பியபோது, சின்னான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு புரண்டான். "வவுறு வலிக்குதும்மா" என்றான். அவன் கை குளிர்ந்திருந்தது. ஆனால் உள்ளங்கை வேர்த்துக் கொட்டியது. கூப்பிட்டால் கண்ணைத் திறந்தான், அடுத்த நிமிஷமே மூடிக்கொண்டான். உதட்டைச் சுற்றி நிறம் மாறிப்போயிருந்தது. எழிலரசி நர்ஸைக் கூப்பிடக் கத்தினாள்.

டாக்டர் ஷாகிரா ஓடிவந்தார். நாடியைப் பிடித்துப் பார்த்தார், நகத்தை அழுத்திப் பார்த்தார், இரண்டு கையிலும் சலைன் ஏற்றச் சொன்னார். இன்னொரு முறை ரத்தம் எடுத்தார்கள். பையனை உள்ளே கொண்டுபோனார்கள். டிப்போவிலிருந்து முத்துவேல் வேலைச் சட்டையோடு வந்து சேர்ந்தான்.

டாக்டர் வெளியே வந்தபோது அவர் முகத்தைப் பார்க்கவே எழிலரசிக்குப் பிடிக்கவில்லை.

"இவனுக்கு ஏற்கெனவே ஒண்ணு வந்திருக்கு" என்றார் டாக்டர்.

"இல்ல டாக்டர். வெள்ளைன்னு முடிவு வந்துச்சு. இவனுக்குக் காய்ச்சலே வந்ததில்ல. நான் வலைக்குள்ளயே வெச்சு..."

"நாலு பிள்ளைங்கள்ல மூணு பிள்ளைங்களுக்கு அது வந்ததே தெரியாதும்மா. விளையாடிட்டே இருப்பாங்க. ஒரு தும்மல்கூட இருக்காது. உள்ள ரத்தத்துக்கு மட்டும்தான் தெரியும்."

"ஒண்ணு வந்தா இன்னா டாக்டர்? ஒடம்புல எதிர்ப்புதான இருக்கும்?" என்றான் முத்துவேல்.

"ஒண்ணுக்கு எதிர்ப்பு இருக்கும். வாசல்ல ஒரு காவல்காரன வேலைக்கு வெக்கிறீங்கன்னு வெச்சுக்கங்க. அவனுக்கு ஒண்ணோட முகம் மட்டும்தான் தெரியும். மூணு கிட்டத்தட்ட அதே ஜாடைல வருது. இவன் போய்ப் பிடிக்கறான். ஆனா பிடிச்ச ஆளை அடக்கத் தெரியல. கையப் பிடிச்சு வீட்டுக்குள்ள கூட்டிட்டு வந்து விட்டுடறான். இப்போ ரத்தக் குழாய்லேர்ந்து தண்ணி கசிஞ்சிட்டே இருக்கு. நாங்க ஊத்திட்டே இருக்கோம்." டாக்டர் கையிலிருந்த திரையைத் தட்டினார். "பரிசோதனையில எப்படித் தப்பிச்சதுன்னுதான் புரியல. பையனோட பேர் சொல்லுங்க."

"ஏகாம்பரம்" என்றாள் எழிலரசி. "முத்துவேல் மகன் ஏகாம்பரம்."

அந்த இரண்டு பெயரும் அவள் வாயிலிருந்து வந்தது அதுதான் முதல் தடவை. அவளுக்கே அது தெரியவில்லை. முத்துவேல்தான் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தான்.

"முத்துவேல் மகன்... ஆமா, வெள்ளைன்னுதான் இருக்கு." டாக்டர் விரலால் திரையை மேலே தள்ளினார். நிறுத்தினார். "அதே நாள், அதே அட்ரஸ்ல இன்னொரு மு. ஏகாம்பரம் இருக்கே? அப்பா பேர் முரளி. அந்தப் பையனுக்கு ஒண்ணுன்னு வந்திருக்கு."

யாரும் எதையும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எழிலரசி அப்படியே சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "தலையாட்டினேன்" என்றாள். "பேரச் சொல்லுன்னு அந்தப் பொண்ணு தலப்பாடா அடிச்சிக்கிச்சு. நான் தலையாட்டினேன்."

"நான்தான் புடிவாதமா அந்தப் பேர வெச்சேன்" என்றான் முத்துவேல். வீம்பாக, சண்டைக்கு நிற்கிறவன் மாதிரிச் சொன்னான். ஆளாளுக்குப் பழியைத் தன் பக்கம் இழுத்தார்கள். எவ்வளவு இழுத்தும் மற்றவருக்கு அது குறையவில்லை.

உள்ளே சின்னான் போராடிக்கொண்டிருந்தான். கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்த எழிலரசிக்கு ஒரு எண்ணம் வந்தது, அதை அவளால் விரட்ட முடியவில்லை. முடிவு சரியாக வந்திருந்தால் அன்றைக்கு அவள் கேசரி கிண்டியிருக்க மாட்டாள். ஒண்ணு என்றதும் மாரில் அடித்துக்கொண்டு அழுதிருப்பாள். இன்னும் ஏழெட்டு வருஷம் அவன் இங்கே, மதி அங்கே என்று சாமியைத் திட்டியிருப்பாள். உலகத்திலேயே பெரிய துக்கம் அதுதான் என்று நினைத்திருப்பாள். அந்தத் துக்கத்தை இப்போது யாராவது திருப்பிக் கொடுத்தால் காலில் விழுந்து வாங்கிக்கொள்வாள்.

யாரும் கொடுக்கவில்லை. மறுநாள் உச்சி வெயிலில் சின்னான் போய்விட்டான்.

தணிகாசலம் அரக்கோணம் போன வேகத்தில் திரும்பி வந்தான். மடியில் வைத்துக் கை வைத்த தாய்மாமனே கடைசித் துணியும் போட வேண்டியதாயிற்று. அவன் யாரோடும் பேசவில்லை. 'ஒன்னக் கூட்டிக்கினு போவ வந்திருக்குது' என்று தான் சொன்னதை நினைத்துத்தான் பேசவில்லை என்று எழிலரசிக்குத் தெரிந்தது. அவன் கையைப் பிடித்து ஒரு ஓரமாக உட்கார வைத்தாள்.

மதி வரவில்லை. வர முடியாது. துக்க வீடு என்று சொன்னால் கொசுவுக்குப் புரியுமா? அவளிடம் யாரும் எதுவும் சொல்லவும் இல்லை. வசந்தாவால் சொல்ல முடியவில்லை. 'தம்பிக்கு இன்னும் சரியாகல, அம்மா வந்து சொல்லுவாங்க' என்று மட்டும் சொல்லி வைத்திருந்தாள்.

ஜெகதா மாடிப்படியிலேயே விழுந்து புரண்டு அழுதாள். "என் புள்ள ரத்தத்தால போச்சேடி" என்று எழிலரசியைக் கட்டிக்கொண்டாள். அழுகை நிஜம். ஆனால் அழும்போதே ஒரு கையால் பெரியானை இழுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள், அதுவும் நிஜம். காரியம் எல்லாம் முடிந்தபின், கொசு வாரியத்திலிருந்து ஆள் வந்து பெரியானுக்கு மறுபடி ரத்தம் எடுத்துப்போனார்கள். வெள்ளை. ஜெகதா அதைச் சொல்லக் கீழே வரவில்லை. நான்கைந்து நாள் எழிலரசியின் கண்ணில் படாமல் படி ஏறி இறங்கினாள்.

கடைசியில் எழிலரசியே மேலே போனாள்.

"ரெண்டு போடணும்னு ஒங்க வூட்டுக்காரரு ஆசப்பட்டாரே, போடலியாக்கா?"

ஜெகதா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "எந்த மூஞ்சிய வெச்சுக்கினுடி போடுறது?"

"போடுங்க. நல்ல பள்ளிக்கூடத்துல படிக்கட்டும்." எழிலரசி பெரியானின் தலையைத் தடவினாள். சின்னானுக்கும் அதே சுழிதான், உச்சியில் இடது பக்கமாக. "ஏகாம்பரம்னு ஒங்க வாயால சொல்லிட்டுப் போடுங்கக்கா. மாமனாரு ஒண்ணும் கோச்சிக்க மாட்டாரு."

அதற்கப்புறம் அவளை ஒண்ணில் பிடித்து வைக்க எதுவும் இல்லை. பாலம் தாண்டக் கூடாத பிள்ளை வீட்டில் இல்லை. ராயப்பேட்டையில் கீழ் போர்ஷனுக்குச் சுண்ணாம்பு அடித்துச் சாவி வசந்தாவிடம் இருந்தது. முத்துவேல் டிப்போவில் கணக்கை முடித்துக்கொண்டு பின்னால் வருவதாகச் சொன்னான். ஐந்து வருஷமாக எதற்கு ஏங்கினாளோ அதை யாரோ தூக்கி அவள் முன்னால் போட்டுவிட்டார்கள். போகத்தான் வேண்டும், மகள் இருக்கிறாள். ஒரு துணிப்பையை எடுத்துக்கொண்டு எழிலரசி சாயங்காலம் பஸ் ஏறினாள். பாலத்து வாசலில் அவள் நெற்றிக்கு நேராகக் கருவியைக் காட்டிய ஆள், "கூடப் புள்ளைங்க யாராச்சும்?" என்று வழக்கமாகக் கேட்கிற கேள்வியைக் கேட்டான். இல்லை என்றாள். போகச் சொன்னான்.

கதவைத் திறந்த மதி அவளை இடுப்போடு கட்டிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை இல்லாத ஒரு நாளில் அம்மா வந்தது அவளுக்கு நம்பவே முடியவில்லை. பையைப் பிடுங்கிப் பிரித்துப் பார்த்தாள். உள்ளே அம்மாவின் துணிகள்.

"இங்கியே இருக்கப் போறியாம்மா?"

"ஆமா."

"ராத்திரிக்கும்?"

"ராத்திரிக்கும்."

"அத்தை, அம்மா இங்கியே இருக்கப் போறாங்களாம்" என்று மதி சமையல்கட்டுக்கு ஓடினாள். திரும்பி ஓடிவந்தாள். மறுபடி ஓடினாள். வசந்தா அடுப்பைப் பார்த்தபடி திரும்பாமல் நின்றாள். அந்தச் சின்ன வீட்டில் அத்தனை சந்தோஷத்தை வைக்க இடம் போதாமல் மதி குதித்தாள். எழிலரசி அவளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். பிள்ளை இப்படிச் சிரித்து அவள் பார்த்ததே இல்லை.

"தம்பி எப்பம்மா வருவான்? நாளைக்கா? அப்பா கூட்டிட்டு வர்றாரா?"

வசந்தா சோற்றையும் குழம்பையும் கொண்டுவந்து வைத்தாள். எழிலரசி தட்டைத் தன் பக்கம் இழுத்து, சோற்றைப் பிசைந்து, மதியின் முன்னால் தள்ளினாள்.

"மொதல்ல சாப்புடு. அம்மா சொல்றேன்."

"சாப்பிட்டா சொல்லுவியா?"

"சொல்றேன்."

மதி சம்மணம் போட்டு உட்கார்ந்து வேக வேகமாக அள்ளிச் சாப்பிட ஆரம்பித்தாள். எவ்வளவு சீக்கிரம் முடிக்கிறாளோ அவ்வளவு சீக்கிரம் தெரிந்துவிடும் என்று கன்னம் இரண்டும் உப்பச் சாப்பிட்டாள். எழிலரசி இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள். அது குறைவதைப் பார்த்து இன்னும் கொஞ்சம் போட்டாள்.

"மெதுவா" என்றாள். "மெதுவா சாப்புடு கண்ணு."